மாப்ளைக்கு ஒரு இரட்டைக்குழல்

மாப்ளே, துப்பாக்கி வாங்கப் போறியாமே. உங்கம்மா போன்ல அழுதா. "அழாதே தங்கச்சி, போன தடவை சம்பளம் கூடுனப்போ டிரோன் வாங்குனான், அது இப்ப பரண்மேல தூங்குது, இதுவும் அந்தக் கணக்குத்தான்"னு சொல்லி வச்சேன். ஆனா நீ அவகிட்ட சொல்லி அனுப்புன கேள்வி இருக்கே, அது நல்ல கேள்விடா. ரெண்டு குழலும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கிற துப்பாக்கியா, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கிறதா? பெக்கோக்ல நீ வாங்கிப் போட்ட செம்பனைக் கன்னைத் தோண்டுற பன்னிக்கும் அது ஆகணும். ஆகாசத்துல மண்தட்டைப் பறக்கவிட்டு உடைக்கிற விளையாட்டுக்கும் ஆகணும். ஒரே துப்பாக்கி, ரெண்டு வேலை, அதுவும் தள்ளுபடி விலையில. சிங்கப்பூர் போயும் தோட்டத்துப் புத்தி போகலை, சந்தோசம்.

இந்த வழக்கை வெள்ளைக்காரத் துரைமாரு நூறு வருசத்துக்கு மேல கிளப்புல உக்காந்து வாதாடியிருக்காங்க. நான் படிச்ச பள்ளிக்கூடமும் அதுதான். ஆனா உள்ள உக்காந்து இல்ல, வெளிய நின்னு, தோட்டாப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. லாபிஸ் பக்கம் எங்க தோட்டத்துல துரை பன்னி சுடப் போனா பின்னால ஓடுற பையன் நான். பன்னி விழுந்தா அவரு சுட்டாரு. பன்னி தப்பிச்சா நான் இருமினேன். அப்படி ஒரு நியாயம் அப்ப. அவரு பேசுனதுல பாதி புரியாது, ஆனா துப்பாக்கியைத் தொடச்சு எண்ணெய் போடுறது என் வேலை. தொடைக்கிறவனுக்குத் தெரியுற அளவுக்கு சுடுறவனுக்குத் தெரியாது மாப்ளே.

சரி, குழலுக்கு வர்றதுக்கு முந்தி ஒரு சங்கதி. நீதான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கப் போறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே. இந்த மலேசியாவுல மொதல்ல உன்னைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. 1960ஆம் வருச ஆயுதச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. மாநிலப் போலீஸ் தலைவரோட லைசென்ஸ் இல்லாம ஒரு குழல்கூட உன் வாசப்படி ஏறாது. எதுக்கு வேணும், நிலம் எங்க, கிராண்ட் யார் பேர்ல, நீ எப்படிப்பட்ட ஆளு, எல்லாம் கேப்பாங்க. எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டு என்கிட்ட வந்தா நான் உண்மையைச் சொல்லிடுவேன், அதையும் யோசிச்சுக்கோ. திருட்டுத்தனமா எவன்கிட்டயாவது வாங்கிப் பரண்ல சொருகலாம்னு நினைச்சியானா, 1971ஆம் வருசச் சட்டம் காத்துக்கிட்டு இருக்கு. 14 வருசம் வரைக்கும் உள்ள, அதோட ரோத்தான் அடி குறைஞ்சது ஆறு. குற்றம் பண்ணப் போன எடத்துல சுட்டுட்டா தூக்கு வரைக்கும் போகும். 2023ல கட்டாயத் தூக்கை எடுத்தாங்க, இப்ப நீதிபதி நினைச்சா 30லேருந்து 40 வருசம் உள்ள போடலாம். அவ்வளவுதான் அதுல சலுகை.

இன்னொண்ணு. நீ காஸ்வேயைத் தாண்டி வேலைக்குப் போற ஆளு. ஞாயித்துக்கிழமை பெக்கோக்ல போட்டுட்டுப் போன அதே காற்சட்டையைத் திங்கக்கிழமையும் மாட்டிக்கிட்டு, பையில ஒத்தைத் தோட்டா மறந்து கிடந்து, அதை ஊட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில ஸ்கேன் பொட்டி காட்டிக் கொடுத்துச்சுன்னு வச்சுக்கோ. பக்கத்துக் குழலா மேல்கீழான்னு அங்க ஒருத்தனும் விசாரிக்க மாட்டான். வேட்டைக் காற்சட்டையைத் தனியா வை. உங்கம்மா துவைக்கிறதுக்கு முந்தி நீயே பையைத் தலைகீழாக் கவுத்துப் பாரு.

துப்பாக்கி லைசென்ஸ் கிடைச்சதும் வேட்டை லைசென்ஸும் கிடைச்ச மாதிரின்னு ஒரு கூட்டம் சொல்லித் திரியும். நம்பாதே. அது தனி, வனவிலங்கு இலாகா, அதான் பெர்ஹிலித்தான், கொடுக்கணும், 2010ஆம் வருச வனவிலங்குச் சட்டப்படி. ரூசா, கீஜாங் ரெண்டு மானுக்கும் 2009லேயே வேட்டையை நிறுத்தி வச்சாங்க, ஏன்னா காட்டுல மிச்சமில்ல. புலியைப் பத்திப் பேசவே வேணாம். இந்த நாடு முழுக்கச் சேர்த்தாலும் 150க்குக் குறைவுன்னு சொல்றாங்க. நம்ம ஜொகூரோட பழைய சுல்தான் இப்ராஹிம், 1895லேருந்து 1959 வரைக்கும் ஆண்டவரு, பேர்போன புலி வேட்டைக்காரர். அவரு காலம் வேற, அவரு காடு வேற. கோத்தா திங்கி, குளுவாங் பக்கம் யானை தோட்டத்துல எறங்கி வரிசையாக் கன்னைப் பிடுங்குது. அதுக்கும் நீ வீரம் காட்ட வேணாம், பெர்ஹிலித்தானுக்குப் போன் போடு, அது அவங்க வேலை. ஆக மொத்தம் உனக்குன்னு ஆண்டவன் விட்டு வச்சது பன்னி. அதையும் எழுதி வாங்கிட்டுத்தான் தொடணும்.

இப்ப குழலுக்கு வருவோம்.

துரை கையில இருந்தது பக்கத்துக் குழல். பர்மிங்ஹாம் சரக்கு. அங்க வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில ஆன்சன், டீலின்னு ரெண்டு பேரு 1875ல ஒரு பூட்டு செஞ்சாங்க. குழலை மடக்குனா அந்த மடக்குலயே உள்ள சுத்தியல் விறைச்சு நிக்கும். நூத்தம்பது வருசமாச்சு, இன்னைக்கும் சாதாரணப் பக்கத்துக் குழல்ல பெரும்பாலும் அந்தப் பூட்டுத்தான். லண்டன்ல பர்டின்னு ஒரு கடை, 1814ல ஆரம்பிச்சது. அவன் செய்யிறது வேற தினுசு, பூட்டைப் பக்கவாட்டுத் தகட்டுல வச்சு, அதுமேல ரோசாப்பூ கொத்தி, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல விலை போடுவான். எங்க பக்கத்து டவுன்ல ஒரு தவுக்கே அந்த மாதிரி பூப்போட்டது ஒண்ணு வச்சிருந்தாரு. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு முன்னால நாற்காலி போட்டுத் தொடைப்பாரு. பன்னி அந்தப் பூவைப் பார்த்து மயங்குனதா நான் கேள்விப்படலை.

பக்கத்துக் குழல்ல என்ன விசேசம்? மொதல்ல எடை. நல்லா செஞ்சது மூணு கிலோவைத் தாண்டாது. காலையில ஏழு மணிக்கு எறங்கி, மழை பெஞ்ச செம்பனை வரிசையில, அடுக்கி வச்ச மட்டை மேல ஏறி எறங்கி, அட்டைக்குக் காலைக் கொடுத்து நடக்கிறவனுக்கு அரைக் கிலோன்னா என்னன்னு பத்து மணிக்குத் தெரியும். ரெண்டு குழலும் படுத்திருக்கிறதால தூக்குற கைக்கும் குழலுக்கும் நடுவுல இடைவெளி இல்ல, நீ விரலை நீட்டிக் காட்டுற மாதிரி அது நீளும். மட்டைக் குவியல்லேருந்து பன்னி கிளம்புனா உனக்கு மிஞ்சிப் போனா ரெண்டு மூச்சு. குறி பார்க்கிறதுக்கு எல்லாம் அங்க நேரமில்ல, கை போற எடத்துக்குக் குழல் போகணும்.

அடுத்தது விசை. பழைய பக்கத்துக் குழல்ல விசை ரெண்டு இருக்கும். முன்விசை வலது குழல், அதோட வாய் கொஞ்சம் விரிவு. பின்விசை இடது குழல், அதோட வாய் இறுக்கம். வாய் இறுக்கத்தை சோக்குன்னு சொல்லுவாங்க. விரிஞ்ச வாயில ரவை சீக்கிரம் பரவும், இறுகுன வாயில தூரம் வரைக்கும் கட்டுக்கோப்பாப் போகும். நாப்பது கஜத்துல முப்பது அங்குல வட்டம் போட்டுச் சுட்டா, இறுக்கமே இல்லாத குழல்ல நூத்துக்கு நாப்பது ரவை வட்டத்துக்குள்ள விழும், முழு இறுக்கத்துல எழுவது. கிட்ட கிளம்புன பன்னிக்கு முன்விசை, தூரம் ஓடிட்ட பன்னிக்குப் பின்விசை. யோசிக்கவே வேணாம், விரல் பார்த்துக்கும். மேல்கீழ் துப்பாக்கியில பெரும்பாலும் ஒத்தை விசை. எந்தக் குழல் மொதல்லன்னு மாத்துறதுக்குக் குட்டியா ஒரு பொத்தான். நீ பொத்தானைத் தடவிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பன்னி பெக்கோக் ஸ்டேசன்ல டிக்கெட் எடுத்துட்டு ரயிலுக்கு நிக்கும்.

மழைக்காலத்துல இன்னொரு கூத்து. அந்தக் காலத்துத் தோட்டா காகித ஓடு. ஈரம் குடிச்சு ஊதிப்போச்சுன்னா குழலுக்குள்ளயே போகாது, போனாலும் வெளிய வராது. நான் பையிலேருந்து எடுத்துக் கொடுக்கும்போதே பெருவிரலால உருட்டிப் பார்ப்பேன், வழுவழுன்னு உருண்டா கொடுப்பேன், சொரசொரன்னு தட்டுனா வேற எடுப்பேன். இப்ப பிளாஸ்டிக் ஓடு, அந்தத் தொல்லை குறைஞ்சுது. ஆனாலும் மக்கிப்போன தோட்டா ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். ரெண்டு விசை இருந்தா ஒண்ணு ஏமாத்துனா விரல் அடுத்ததுக்குத் தாவும். ஒத்தை விசை பலதுல மொத வெடியோட உதைதான் விசையை அடுத்த குழலுக்கு மாத்திக் கொடுக்கும். மொதத் தோட்டா புஸ்ஸுன்னு போச்சுன்னா உதையுமில்ல, உதை இல்லைன்னா ரெண்டாவது வெடியுமில்ல. நீ நிப்பே, பன்னியும் நிக்கும், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். எல்லா ஒத்தை விசையும் இப்படி இல்ல, உதையை நம்பாத தினுசும் இருக்கு. கடைக்காரன்கிட்ட கேளு. அவன் திருதிருன்னு முழிச்சா வேற கடைக்குப் போ.

மடக்கித் தோட்டா போடுற விசயத்துலயும் பக்கத்துக் குழலுக்கு ஒரு மார்க் கூட. லேசா மடக்குனாப் போதும், ரெண்டு ஓட்டையும் கண்ணு முன்னால. மேல்கீழ்ல அடிக் குழல் சட்டத்துக்கு மேல எழும்பி வர்ற வரைக்கும் நல்லா இறக்கி மடக்கணும். வெளிய நின்னு சுடுறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. வேட்டைப் பரண்மேல குறுகிக்கிட்டு உக்காந்திருக்கிறவனுக்கு முழங்கால்ல இடிக்கும்.

இவ்வளவு சொல்றேனே, பக்கத்துக் குழல்ல குறையே இல்லையான்னா, இருக்கு. வலது குழல் வெடிச்சா துப்பாக்கி வலப்பக்கம் கொஞ்சம் திமிறும், இடது வெடிச்சா இடப்பக்கம். ரெண்டு குழலும் நடுக்கோட்டை விட்டு விலகிக் கிடக்கிறதால வர்ற வினை அது. கண்ணுக்கு முன்னால ரெண்டு குழல் அகலம் விரிஞ்சு கிடக்கிறதால, பழகாதவனுக்கு எதைப் பார்த்துச் சுடுறதுன்னு தடுமாத்தம். முன்னால பிடிக்கிற கட்டையோ ஒல்லிப்பீச்சான், பிடி பாதி இரும்பு மேலதான் விழும். தொடர்ந்து பத்துப் பதினைஞ்சு வெடி போட்டுட்டு ஜொகூர் வெயில்ல அதைப் பிடிச்சுப் பாரு, இடது கை உன்னைத் திட்டும். துரை அதுக்குத் தோல்ல ஒரு உறை மாட்டியிருப்பாரு. அதுவும் ஈரத்துல பூஞ்சை பிடிச்சு, வாரத்துக்கு ஒரு தடவை வெயில்ல காய வைக்கிறது என் தலையில.

அந்தக் கைச்சூட்டுலதான் மேல்கீழோட கதை ஆரம்பிக்குது.

லண்டன்ல பாஸ்னு ஒரு பட்டறை 1909லயே அழகான மேல்கீழ் ஒண்ணு செஞ்சான். சீமான்கள் வாங்குனாங்க, சாதாரணமானவன் கண்ணால பார்த்தான். அப்புறம் ஜான் பிரவுனிங்னு ஒரு அமெரிக்கர், துப்பாக்கிக்குன்னே பொறந்த ஆளு, வயசான காலத்துல இதைக் கையில எடுத்தாரு. 1926ல பெல்ஜியத்துல பட்டறையில இருக்கும்போதே உயிர் போயிடுச்சு. மகன் வால் மிச்ச வேலையை முடிச்சு 1931ல கடைக்குக் கொண்டு வந்தான். மேல்கீழ் துப்பாக்கி சீமான் வீட்டுச் சுவர்லேருந்து எறங்கி ஊருக்குள்ள வந்தது அதுக்கப்புறம்தான். இன்னைக்கு இத்தாலியில பிரெசியா பக்கம் திரும்புன எடமெல்லாம் இதுதான் தொழில். பெரெட்டா குடும்பம் அங்க 1526லேருந்து குழல் அடிக்குது. பெராட்சி நேத்து வந்தவன், 1957.

இதுல என்ன சூட்சுமம்னா, மொதல்ல வெடிக்கிறது அடிக் குழல். அது உன் தோளுக்கு நேர்க்கோட்டுல இருக்கு. உதை நேரா பின்னால வரும், குழல்வாய் மேல எகிறாது, பக்கத்துலயும் ஓடாது. ரெண்டாவது வெடிக்குக் கண்ணு அங்கேயே நிக்கும். பார்க்கிறதுக்கு ஒரே ஒரு குழல் அகலம்தான், மெல்லிசா ஒரு கோடு. முன்கட்டை கை நிறையப் பிடிக்கிற மாதிரி கனமா இருக்கும், சூடு எட்டாது. எடையும் அதிகம். தட்டு சுடுறதுக்குன்னு செஞ்சது மூன்றரைக் கிலோவுக்கு மேலேயே போகும், குழல் முப்பது, முப்பத்திரண்டு அங்குலம். காட்டுக்கு இது தண்டனை, தட்டுக்கு இது வரம். ஏன்னு சொல்றேன்.

அந்தத் தட்டு ஒண்ணும் பெரிசில்ல, 110 மில்லிமீட்டர் அகலம், நூறு கிராம் சொச்சம். மண்தட்டுன்னு பேருதான், இப்ப சுண்ணாம்புத் தூளும் தார் மாதிரி பிட்சும் கலந்து அழுத்துறது. அது வர்றதுக்கு முந்தி நிஜப் புறாவையே பெட்டியிலேருந்து பறக்கவிட்டுச் சுட்டுக்கிட்டு இருந்தானுங்க. 1900ல பாரிஸ் ஒலிம்பிக்லகூட அந்தக் கூத்து நடந்து, பெல்ஜியத்துக்காரன் ஒருத்தன் 21 புறாவை அடிச்சு ஜெயிச்சான். நல்லவேளை, அதோட நிப்பாட்டுனாங்க. இப்ப டிராப்புன்னு சொல்ற போட்டியில உனக்கு முன்னால ஒரு பள்ளம், அதுக்குள்ள 15 இயந்திரம். எதுலேருந்து எந்தப் பக்கம் வரும்னு தெரியாது. நீ குரல் கொடுத்ததும் கிளம்பி, விட்டா 76 மீட்டர் வரைக்கும் பறக்கும். ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி அனுமதி. தோட்டாவுல ரவை 24 கிராமுக்கு மேல கூடாது. இப்படி 25 தட்டு ஒரு சுத்து, அஞ்சு சுத்து, மொத்தம் 125 தட்டு. மொத வெடி தப்புனா ரெண்டாவதும் சேர்ந்துக்கும். இத்தனை உதையையும் தோள் வாங்கணும்னா துப்பாக்கி கனமா இருக்கணும், உதை நேரா வரணும், கை வெந்து போகக் கூடாது. இந்த மூணையும் கேட்டா பதில் மேல்கீழ்தான். அதனாலதான் ஒலிம்பிக் மைதானத்துல பக்கத்துக் குழலைத் தேடுனாலும் கிடைக்காது.

நம்ம ஆளு ஒருத்தன் இதுல இருக்கான், தெரியுமா? புதுக்கோட்டைத் தொண்டைமான் வீட்டுப் பிள்ளை, பிரித்விராஜ். ராஜா வீட்டுப் பிள்ளைன்னதும் பூப்போட்ட பக்கத்துக் குழலோட புலி மேல கால் வச்சு நிக்கிற படம்தான் உனக்கு ஞாபகம் வரும். இந்தியாவுல 1972லேயே வனவிலங்குச் சட்டம் வந்து அந்தப் படத்துக்கு முடிவு கட்டிடுச்சு. இவன் தட்டு சுடுறவன். 2023 அக்டோபர்ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல டிராப் குழுப் போட்டியில மூணு பேர் சேர்ந்து 375க்கு 361 உடைச்சுத் தங்கம் வாங்குனாங்க. அதுல இவன் பங்கு 119. மறு வருசம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனான், இறுதிச் சுத்துக்குள்ள நுழையலை. கைனன் செனாய், ஜொராவர் சிங் சந்து, இவன், மூணு பேரும் வருசக்கணக்கா உழைச்சுக்கூட 14 தட்டு தப்பிச்சுப் பறந்திருக்கு பாரு. நீ யூடியூப்ல பார்த்துட்டு வந்து "ஈஸியா இருக்கு மாமா"ன்னு சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லலை.

நீ இன்னும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, அதுதான் எல்லாத்துக்கும் பெரிசு. குழல் எப்படி அடுக்கியிருக்குங்கிறதை விட, பின்னால கட்டை உன் உடம்புக்கு எப்படி உக்காருதுங்கிறதுதான் அடிக்கும். இந்தத் துப்பாக்கியில ரைபிள் மாதிரி பின்குறி கிடையாது. உன் கண்ணுதான் பின்குறி. கன்னம் கட்டை மேல அரை அங்குலம் மேல போனா ரவையும் மேல போகும், கீழ போனா கீழ போகும். சிங்கப்பூர்ல சிக்கன் ரைஸ் தின்னு தின்னு உன் கன்னம் முன்ன மாதிரி இல்ல. சிரிக்காதே, நிஜமாத்தான் சொல்றேன், கொழுத்த கன்னத்துக்கு ஒரு அளவு, ஒட்டுன கன்னத்துக்கு ஒரு அளவு. இத்தாலிக்காரன் அவன் கை நீளத்துக்குக் கட்டையை வெட்டி அனுப்புறான். உனக்கு நீளமா இருந்தா தோள்ல ஏத்தும்போது அக்குள்ல மாட்டும், குட்டையா இருந்தா உதையில உன் பெருவிரல் உன் மூக்கைக் குத்தும்.

பார்க்கிறதுக்கு வழி சொல்றேன். கடையில, குழல் ரெண்டும் காலின்னு மடக்கிப் பார்த்துட்டு, தூரத்துச் சுவர்ல ஒரு ஆணியைப் பாரு. கண்ணை மூடு. துப்பாக்கியைத் தோளுக்கு ஏத்து, கன்னத்தை வை. இப்ப கண்ணைத் திற. குழல் முனை ஆணியைப் பார்த்தா அது உன் துப்பாக்கி. கூரையைப் பார்த்தாலோ கடைக்காரன் மனைவியைப் பார்த்தாலோ வேற எடு. அதுக்கு முன்னால உனக்கு எந்தக் கண்ணு முதலாளின்னு கண்டுபிடி. ரெண்டு கண்ணையும் திறந்து ஆணியை விரலால காட்டு, அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடு. எந்தக் கண்ணை மூடும்போது விரல் ஆணியை விட்டு நகருதோ அந்தக் கண்ணுதான் முதலாளி. வலது தோள்ல சுடுறவனுக்கு இடது கண்ணு முதலாளியா இருந்தா, லட்ச பவுண்டு துப்பாக்கியும் தென்னை மரத்தைத்தான் சுடும். இதுக்கெல்லாம் காசு இல்ல. அதனாலதான் யாரும் செய்யிறதில்ல.

தோட்டா பத்தி ரெண்டு வார்த்தை. தட்டுக்குப் போடுற பொடி ரவையை எடுத்துக்கிட்டுப் பன்னிக்குப் போகாதே. அது பன்னிக்கு வலி, உனக்கு ஆபத்து. காயம்பட்ட பன்னி மட்டைக் குவியலுக்குள்ள உக்காந்து உன்னை எதிர்பார்த்துக்கிட்டே இருக்கும். பன்னிக்குத் தடிச்ச ரவை, கிட்ட வந்தா மட்டும். ஒத்தைக் குண்டு போடுற ஆசை இருந்தா இறுக்கமான வாயுள்ள குழல்ல போடாதே, எந்தக் குண்டு எந்தக் குழலுக்குன்னு தயாரிச்சவன் எழுதியிருக்கிறதைப் படி. இங்க பக்கத்துக் குழலுமில்ல, மேல்கீழுமில்ல, ரெண்டுக்கும் சட்டம் ஒண்ணுதான்.

ரெண்டுக்கும் பொதுவா ஒரு நல்ல குணம் இருக்கு. மடக்கிட்டா ரெண்டு ஓட்டையும் பட்டப்பகல்ல தெரியும், உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு கூட வர்றவனுக்கும் தெரியும். மலாய்க்காரங்க செனாப்பாங் பாத்தான்னு சொல்றது இந்த மடக்குற ஜாதியைத்தான். நடக்கும்போது மடக்கியே வச்சுக்கோ. ஆத்தைத் தாண்டும்போது, வேலி ஏறும்போது, மோட்டோவுல உக்காரும்போது தோட்டாவை எடுத்துடு. காட்டு வேட்டைத் துப்பாக்கி பலதுல மடக்குனதும் பாதுகாப்புப் பூட்டு தானா பின்னால வந்து விழுந்துடும், தட்டுத் துப்பாக்கியில பெரும்பாலும் அப்படி வராது. அதுல பழகுனவன் இதை நம்பியும், இதுல பழகுனவன் அதை நம்பியும் மோசம் போயிருக்கான். பன்னின்னு நினைச்சுக் கூட்டாளியைச் சுட்ட சேதி இந்த நாட்டுப் பேப்பர்ல திரும்பத் திரும்ப வருது. புதர் அசைஞ்சுச்சு, சுட்டேன்னு ஸ்டேசன்ல எழுதிக் கொடுத்துட்டு அழுவான். புதர் அசைஞ்சா சுடாதே, பன்னி தெரிஞ்சா சுடு, பன்னிக்குப் பின்னால என்ன இருக்குன்னும் தெரிஞ்சா சுடு. இதுல நான் கேலி பேசலை.

அவசரகாலத்துல, அதான் 1948லேருந்து 1960 வரைக்கும், லாபிஸ், யோங் பெங், கூலாய் பக்கமெல்லாம் புதுக்கிராமத்துக் காவலுக்கு ஷாட்கன்னைக் கையில கொடுத்து ராத்திரி நிக்க வச்சாங்க. கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளுங்க அவங்க. ஒருத்தனும் குழல் வரிசையைப் பத்திக் கவலைப்படலை, விடியிற வரைக்கும் உசுரோட இருப்போமான்னுதான் கவலைப்பட்டான். உனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லாததால இந்தக் கவலை வந்திருக்கு, நல்லதுதான்.

சரி, தீர்ப்பு கேக்குறே. காட்டுக்கு மட்டும்னா, லேசான பக்கத்துக் குழல், ரெண்டு விசை, கண்ணை மூடிக்கிட்டு எடு. தட்டுக்கு மட்டும்னா மேல்கீழ், பேச்சே இல்ல. ரெண்டுக்கும் ஒண்ணேதான்னு அடம் பிடிச்சா மேல்கீழ்லயே லேசா, காட்டு வேட்டைக்குன்னு செஞ்சது, சோக்கு கழட்டி மாட்டுறது, உதையை நம்பாத விசை. பன்னிக்கு சோக்கைக் கழட்டி விரிச்சுக்கோ, தட்டுக்கு இறுக்கிக்கோ. தட்டுல உனக்குத் தங்கம் கிடைக்காது, காட்டுல உனக்கு முதுகு வலிக்கும், ஆனா ரெண்டுலயும் மானம் போகாது. என் மனசு பக்கத்துக் குழல் பக்கம், என் புத்தி மேல்கீழ் பக்கம். என் மனசைக் கேட்டு யாரும் இதுவரைக்கும் உருப்பட்டதில்ல.

ஆனா இப்பவே வாங்காதே. மொதல்ல சுபாங்குக்குப் போ. 2017 சீ விளையாட்டுல சுட்ட எடம், லாபிஸ்லேருந்து காடியில மூணு மணி நேரம். தட்டு சுடுற ஆளுங்களைப் பாரு, கேளு. கூட்டத்துல சேரணும்னா எப்படின்னு விசாரி. சொல்லிக் கொடுக்கிறவர் பக்கத்துல நிக்க, அவர் கொடுக்கிற துப்பாக்கியில ரெண்டு சுத்து போட்டுப் பாரு. மறுநாள் தோள் நீலமா வீங்கியும் ஆசை மிச்சமிருந்தா என்கிட்ட வா. அதுக்குள்ள பெக்கோக்ல கன்னைச் சுத்திக் கம்பி வலை கட்டு, மின்வேலின்னா சோலார் பாட்டரியோட விக்கிற லேசான வேலி, வீட்டுக் கரண்டை இழுத்து மாட்டிடாதே. இளங்கன்னு தப்பிச்சு வளர்ந்துட்டா பன்னி பாதி ஆர்வத்தை இழந்துடும். அப்புறம் நீ தட்டு சுடுறவனா மட்டும் இருக்கலாம்.

லைசென்ஸுக்கு ஸ்டேசனுக்குப் போறதா இருந்தா நிலத்துக் கிராண்டோட அசலையும் நகலையும் எடுத்துக்கோ. முடியை ஒழுங்கா வெட்டிக்கிட்டுப் போ, கையில வரைஞ்சிருக்கிற அந்த டிராகனைச் சட்டைக்குள்ள மறை. டிரோன் பத்தி வாயைத் திறக்காதே. ஞாயித்துக்கிழமை போகாதே, கிராணி இருக்க மாட்டாரு.